திறன் கருவிகளிடையே நம்பிக்கையும் அடையாளச் சரிபார்ப்பும்: ஒரு வரலாறு

திறன் கருவிகளிடையே அடையாளச் சரிபார்ப்பு என்பது, வலையமைப்பில் இணைந்துள்ள ஒரு கருவி, தன்னுடன் தொடர்புகொள்ளும் மற்றொரு கருவி உண்மையில் தான் சொல்லிக்கொள்ளும் கருவிதானா என்பதை உறுதிசெய்துகொள்ளும் முறையாகும். வீட்டு விளக்கு, கண்காணிப்புக் கேமரா, மின்னணுப் பூட்டு, மருத்துவமனை வெப்பமானி, காரின் பிரேக் அமைப்பு என ஒன்றோடொன்று பேசும் கருவிகள் இன்று பல. மனிதர்கள் ஒருவரையொருவர் முகத்தாலும் குரலாலும் அறிந்துகொள்கின்றனர். கருவிக்கு வந்துசேர்வதோ எண்களின் வரிசை மட்டுமே. அந்த எண்களை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

இச்சிக்கல் இணையத்தோடு பிறந்ததன்று. இதன் வரலாற்றை மூன்று கேள்விகளின் வளர்ச்சியாகப் பார்க்கலாம். முதலில் கருவியிடம் "நீ யார்?" என்று கேட்கப்பட்டது. பிறகு கருவியும் திருப்பி "கேட்கும் நீ யார்?" என்று கேட்க வேண்டியதாயிற்று. கருவிகள் வீட்டுக்குள் வந்த பிறகு "நீ யாருடைய கருவி?" என்ற கேள்வி எழுந்தது. மூன்றாவது கேள்விக்கு இன்றும் முழுமையான விடை கிடைத்துவிடவில்லை.

வானில் தொடங்கிய சிக்கல்

இரண்டாம் உலகப் போர் தொடங்கி சில நாட்களே ஆகியிருந்த 1939 செப்டம்பர் 6 அன்று, எதிரி விமானங்கள் வருவதாக எழுந்த தவறான எச்சரிக்கையால் பிரிட்டனின் போர் விமானங்கள் வானில் ஏறின. அந்தக் குழப்பத்தில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தம் நாட்டின் ஹரிக்கேன் விமானங்கள் இரண்டையே சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி உயிரிழந்தார். இந்நிகழ்ச்சி 'பார்க்கிங் கிரீக் சண்டை' என்று குறிப்பிடப்படுகிறது.

ராடார் திரையில் விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும். அது நம்முடையதா, எதிரியுடையதா என்று ராடாருக்குத் தெரியாது. இக்குறையைப் போக்கவே 'நண்பனா எதிரியா' என்று அறியும் கருவிகள் விமானங்களில் பொருத்தப்பட்டன. தரையிலிருந்து ராடார் அலை வந்ததும் விமானத்திலுள்ள கருவி தானாகவே ஒரு விடை அலையை அனுப்பும். மனிதர் தலையீடு இல்லாமல் ஒரு கருவி இன்னொரு கருவிக்குத் தன்னை அடையாளம் காட்டிய முதல் பெரிய முயற்சி இது என்று கொள்ளலாம்.

ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கேட்பவர் யார் என்று பாராமலேயே கருவி விடை சொன்னது. பிரிட்டன் 1944-இல் 'பெர்ஃபெக்டோஸ்' என்ற கருவியைத் தன் விமானங்களில் பொருத்தியது. அது ஜெர்மானிய விமானங்களின் அடையாளக் கருவியிடம் ஜெர்மானிய ராடார் போலவே கேள்வி கேட்டது. ஜெர்மானியக் கருவிகள் விடை அனுப்பித் தம் இருப்பிடத்தைத் தாமே காட்டிக்கொடுத்தன. நண்பர்களிடமிருந்து விமானியைக் காக்கப் பொருத்திய கருவியே அவரை எதிரியின் குறிக்குள் கொண்டுவந்தது. கேட்பவரையும் சரிபார்க்க வேண்டும் என்ற பாடம் இங்கேயே கிடைத்துவிட்டது. ஆயினும் பிற்காலத்தில் அது பலமுறை மறக்கப்பட்டது.

போருக்குப் பின், இத்தகைய கருவிகளில் மறையாக்கத்தைப் பயன்படுத்தும் ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தன. அவற்றில் ஈடுபட்டவர்களில் ஒருவர் ஹார்ஸ்ட் ஃபைஸ்டல். பின்னர் ஐபிஎம் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய 'லூசிஃபர்' என்ற மறையாக்க முறையே, 1977-இல் அமெரிக்க அரசு ஏற்ற 'டெஸ்' தரநிலைக்கு அடிப்படையாயிற்று.

கேள்வி–விடை முறை

கடவுச்சொல்லை அப்படியே சொன்னால் ஒட்டுக்கேட்பவர் அதைக் குறித்துக்கொண்டு மறுநாள் பயன்படுத்தலாம். எனவே இரகசியத்தைச் சொல்லாமலேயே, அது தன்னிடம் உள்ளது என்று மெய்ப்பிக்கும் வழி தேவை. இதுவே கேள்வி–விடை முறை.

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆசிரியரும் ஒரு மாணவரும் மட்டும் அறிந்த இரகசிய எண் 7. ஆசிரியர் 12 என்று எழுதி அனுப்புகிறார். மாணவர் அதை 7-ஆல் பெருக்கி 84 என்று விடை அனுப்புகிறார். நாளை கேள்வி 12-ஆக இருக்காது, 31-ஆக இருக்கலாம். ஆகவே இன்றைய விடையைத் திருடி நாளை பயன்படுத்த முடியாது. ஆனால் இம்முறை பாதுகாப்பானதா? இல்லை. கேள்வியையும் விடையையும் பார்த்த எவரும் 84-ஐ 12-ஆல் வகுத்து 7-ஐக் கண்டுபிடித்துவிடுவர். எனவே பெருக்கலுக்குப் பதிலாக, விடையிலிருந்து இரகசியத்தைத் திரும்பக் கணக்கிட முடியாத கடினமான கணிதச் செயல் வேண்டும். அந்தச் செயலை வழங்குவதே மறையாக்கவியலின் பணி.

கணினிகள் ஒன்றையொன்று அறிதல்

1970களில் கணினிகள் வலையமைப்புகளாக இணைந்தபோது இச்சிக்கல் பெரிதாயிற்று. 100 கணினிகள் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுடனும் தனி இரகசியம் வைத்திருக்க வேண்டுமானால் 4,950 இரகசியங்கள் தேவைப்படும். 1978-இல் ரோஜர் நீடாம், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டனர். எல்லாரும் நம்பும் ஒரு நடுவர் கணினி இருக்கும். ஒவ்வொரு கணினியும் அந்த நடுவருடன் மட்டும் ஓர் இரகசியத்தைப் பகிர்ந்திருந்தால் போதும். இரு கணினிகள் பேச விரும்பும்போது, நடுவர் அவற்றுக்கு ஒரு தற்காலிகச் சாவியை வழங்குவார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983-இல் தொடங்கிய 'அதீனா' திட்டத்தில் உருவான 'கெர்பரோஸ்' முறை இக்கருத்தின் மீதே எழுப்பப்பட்டது. அது இன்றும் அலுவலக வலையமைப்புகளில் பயன்பாட்டில் உள்ளது.

நடுவர் எந்நேரமும் இணைப்பில் இருக்க முடியாத இடங்களுக்கு இன்னொரு வழி தேவைப்பட்டது. 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் பொதுச்சாவி மறையாக்கக் கருத்தை வெளியிட்டனர். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று ஊரறிந்தது, மற்றொன்று உரியவரிடம் மட்டும் இருப்பது. ஆனால் "இது இன்னாருடைய பொதுச்சாவி" என்று யார் உறுதி தருவது? அதற்காக மின்னணுச் சான்றிதழ் வந்தது. 1988-இல் வெளியான 'எக்ஸ்.509' தரநிலை அச்சான்றிதழின் அமைப்பை வரையறுத்தது.

பள்ளி மாற்றுச் சான்றிதழோடு இதை ஒப்பிடலாம். புதிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு அம்மாணவரை முன்பின் தெரியாது. ஆனால் பழைய பள்ளியின் முத்திரையையும், அப்பள்ளிக்குக் கல்வித்துறை தந்த அங்கீகாரத்தையும் அவர் நம்புகிறார். நம்பிக்கை ஒரு சங்கிலியாக வந்துசேர்கிறது. சங்கிலியின் ஒரு கண்ணி போலியானால் முழுச் சங்கிலியும் பயனற்றுப்போகும்.

இவ்வகை நெறிமுறைகள் சில வரிகளில் அடங்குபவை. ஆனாலும் அவற்றைப் பிழையின்றி அமைப்பது மிகக் கடினம். நீடாம்–ஷ்ரோடர் கட்டுரையிலிருந்த பொதுச்சாவி நெறிமுறையில் ஒரு குறை இருப்பதை 1995-இல்தான் கவின் லோ கண்டறிந்தார். ஒருவர் நேர்மையற்ற ஓர் ஆளிடம் பேசத் தொடங்கினால், அந்த ஆள் அச்செய்திகளைக் கொண்டே மூன்றாமவரிடம் தன்னை முதலாமவராகக் காட்டிக்கொள்ள முடிந்தது. அறிஞர்கள் பலர் படித்த ஒரு சிறு நெறிமுறையில் 17 ஆண்டுகள் அக்குறை மறைந்திருந்தது. விடையளிப்பவரின் பெயரை ஒரு செய்தியில் சேர்த்ததே அதற்கான திருத்தம்.

சிம் அட்டை: மக்கள் கைக்கு வந்த இரகசியம்

பொதுமக்களிடம் பெருமளவில் சென்ற முதல் அடையாளக் கருவிகளுள் ஒன்று சிம் அட்டை. ஜிஎஸ்எம் முறையிலான வணிகக் கைப்பேசிச் சேவை 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் தொடங்கியது. ஒவ்வொரு சிம் அட்டையிலும் 128 பிட் நீளமுள்ள தனி இரகசியம் ஒன்று உண்டு. அது அட்டைக்குள்ளும் சேவை நிறுவனத்திடமும் மட்டுமே இருக்கும். கோபுரம் வழியே ஒரு கேள்வி வரும். சிம் அட்டை உள்ளேயே கணக்கிட்டு விடை தரும்.

இதில் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. பல நிறுவனங்கள் பயன்படுத்திய 'காம்ப்128' என்ற கணிதச் செயல், இரகசியமாக வைக்கப்பட்டிருந்தபோதும் வலிமையற்றதாக இருந்தது. அட்டையைக் கையில் வைத்து ஏறத்தாழ 1,50,000 கேள்விகள் கேட்டால் அதன் இரகசியத்தை வெளிக்கொணரலாம் என்று 1998-இல் ஆய்வாளர்கள் காட்டினர். முன்பு பார்த்த 84-ஐ 12-ஆல் வகுக்கும் கணக்கின் பெரிய வடிவமே இது. இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. கைப்பேசி கோபுரத்திடம் தன்னை மெய்ப்பித்தது. கோபுரம் கைப்பேசியிடம் எதையும் மெய்ப்பிக்கவில்லை. எனவே போலிக் கோபுரம் அமைத்து உரையாடலை இடைமறிக்க வழி ஏற்பட்டது. 1944-இல் ஜெர்மானிய விமானக் கருவிகளில் இருந்த அதே குறை இங்கும் திரும்பி வந்தது. மூன்றாம் தலைமுறைக் கைப்பேசி முறையில் இரு பக்கமும் சரிபார்க்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது.

பொருட்கள் இணையத்துக்கு வந்தமை

அன்றாடப் பொருட்களை வலையமைப்பில் இணைக்கும் முயற்சி விளையாட்டாகவே தொடங்கியது. 1982-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் குளிர்பான இயந்திரம் ஒன்று கணினியுடன் இணைக்கப்பட்டது. புட்டிகள் உள்ளனவா, குளிர்ந்துவிட்டனவா என்று மாணவர்கள் தம் இடத்திலிருந்தே அறிந்தனர். 1990-இல் ஜான் ராம்கி ஒரு ரொட்டி வாட்டும் கருவியை இணையம் வழியே இயக்கிக் காட்டினார். 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காபிப் பாத்திரம் ஒன்றின் முன் கேமரா வைக்கப்பட்டது. இவற்றைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். எனவே "நீ யார்?" என்ற கேள்விக்கு அங்கே அவசியம் நேரவில்லை.

இதே மனநிலை தொழிற்துறையிலும் இருந்தது. 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற வாகன வலையமைப்பு, காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளை ஒரே கம்பிவழியில் இணைத்தது. அதில் செல்லும் செய்தியில் அனுப்பியவர் யார் என்பதற்கான சான்று எதுவும் இல்லை. காருக்குள் இருப்பவை எல்லாம் நம் கருவிகளே என்ற எண்ணத்தில் அது அமைக்கப்பட்டது. பின்னாளில் காருக்குள் இணைய இணைப்பு வந்தபோது அந்த எண்ணம் பொய்த்தது. 2015-இல் இரு ஆய்வாளர்கள் ஜீப் செரோக்கி கார் ஒன்றை, அது சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டினர். அதன்பின் சுமார் 14 லட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

வாத்துக்குஞ்சு கருத்து

1999-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்டஜானோ, ராஸ் ஆண்டர்சன் இருவரும் ஒரு புதிய சிந்தனையை முன்வைத்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, மருத்துவமனையில் பயன்படும் கம்பியில்லா வெப்பமானி. மருத்துவர் பொதுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுக்கிறார். அது அவருடைய கையடக்கக் கணினிக்கு மட்டுமே அளவைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து திரும்ப வைத்தபின், அடுத்த மருத்துவருக்கு அது பயன்பட வேண்டும். இங்கே நடுவர் கணினியும் இல்லை. கருவியிடம் திரையும் விசைப்பலகையும் இல்லை.

முட்டையிலிருந்து வெளிவரும் வாத்தினக் குஞ்சுகள், தாம் முதலில் காணும் நகரும் உருவத்தைத் தாயாகக் கொள்ளும் என்று விலங்கியலாளர் கான்ராட் லாரன்ஸ் விளக்கியிருந்தார். அதுபோலவே புதிய கருவி, தனக்கு முதலில் ஓர் இரகசியச் சாவியைத் தருபவரைத் தாயாகக் கொள்ள வேண்டும். அவர் சொல்வதை மட்டுமே கேட்க வேண்டும் என்றனர் அவ்விருவரும். அச்சாவியைக் காற்றில் அனுப்பாமல், இரு கருவிகளும் ஒன்றையொன்று தொடும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். தாய் விடுதலை தந்தால் கருவியின் நினைவு அழிந்து, அது மீண்டும் பிறந்த குஞ்சாகும். அப்போது வேறொரு தாயை ஏற்கலாம்.

கருவி யார் என்பதோடு அது யாருடையது என்பதையும் பாதுகாப்பின் மையத்தில் வைத்தது இக்கட்டுரை. மின்கலத்தை ஓயாமல் வேலைவாங்கித் தீர்த்துவிடும் தாக்குதலைப் பற்றியும் அது எச்சரித்தது. சிறு கருவிகளுக்கே உரிய அந்த ஆபத்தைப் பெரிய கணினிகளுக்காக எழுந்த பழைய முறைகள் கருதியிருக்கவில்லை.

ஒரே சாவியால் வந்த கேடு

சந்தைக்கு வந்த கருவிகளில் பல இவ்வழியில் செல்லவில்லை. விலைக் குறைவும் பயன்படுத்தும் எளிமையும் முதலிடம் பெற்றன.

தொடக்ககாலப் புளூடூத் ஒலிக்கருவிகள் பலவற்றில் இணைப்பு எண் 0000 என்றே இருந்தது. நான்கு இலக்க எண்ணை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கண்டுபிடிக்கலாம் என்று 2005-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். 2007-இல் வந்த புளூடூத் 2.1 பதிப்பில் முறை மாற்றப்பட்டது. இரு திரைகளிலும் தோன்றும் ஆறு இலக்க எண் ஒன்றுதானா என்று பயனர் ஒப்பிடும் வழக்கம் அப்போது வந்ததே.

வைஃபை ரவுட்டர்களில் இணைப்பை எளிதாக்க வந்த 'டபிள்யூபிஎஸ்' முறையின் குறை, கணக்கு படிக்கும் மாணவர்களுக்கு நல்ல பாடம். அதில் எட்டு இலக்க எண் உண்டு. கடைசி இலக்கம் மற்ற ஏழையும் சரிபார்ப்பதற்கானது. எனவே ஏழு இலக்கங்களுக்கு 1 கோடி வாய்ப்புகள் இருக்க வேண்டும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கங்களைத் தனியாகச் சரிபார்த்து, அவை சரியா தவறா என்று சொல்லிவிடும். ஆகவே முதல் பாதிக்கு 10,000 முயற்சிகள், அடுத்த மூன்று இலக்கங்களுக்கு 1,000 முயற்சிகள், மொத்தம் 11,000 முயற்சிகளே போதும். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் வந்துவிட்டது. 2011 டிசம்பரில் இது வெளியானது.

2016-இல் ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தின் திறன் விளக்குகளை ஆராய்ந்தவர்கள் வேறொரு குறையைக் கண்டனர். விளக்கின் உள்மென்பொருளைப் புதுப்பிக்க, ஒரு வகையைச் சேர்ந்த எல்லா விளக்குகளும் ஒரே சாவியைப் பயன்படுத்தின. ஒரு விளக்கிலிருந்து அதை எடுத்துவிட்டால் எல்லா விளக்குகளும் அந்தப் போலி மென்பொருளை நம்பும். நோய்போல ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குத் தீநிரல் பரவ முடியும் என்று அவர்கள் நிறுவினர். கட்டுரை வெளிவருமுன் நிறுவனம் குறையைச் சரிசெய்தது.

அதே ஆண்டு 'மிராய்' என்ற தீநிரல் உலகை உலுக்கியது. அது செய்தது மிக எளிய செயல். இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்கள், ரவுட்டர்கள், ஒளிப்பதிவுப் பெட்டிகள் ஆகியவற்றைத் தேடி, தொழிற்சாலையில் வைக்கப்பட்ட 62 பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளை முயன்று பார்த்தது. உச்சநிலையில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. 2016 அக்டோபர் 21 அன்று 'டின்' என்ற இணையப் பெயர்ச்சேவை நிறுவனம் தாக்கப்பட்டபோது, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குக் கிடைக்காமற்போயின. கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் தீநிரல் நினைவகத்திலிருந்து நீங்கிவிடும். ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் விரைவில் மீண்டும் தொற்றிக்கொள்ளும். சில கருவிகளில் கடவுச்சொல்லை மாற்றும் வசதியே உரிமையாளருக்குத் தரப்படவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கேமரா வாங்கியவருக்குப் பெரிய இழப்பு இல்லை; அவருடைய கேமரா வழக்கம்போல் வேலை செய்தது. தயாரித்தவருக்கும் பணம் வந்துவிட்டது. துன்பம் மூன்றாமவருக்கு. பாதுகாப்பை விற்பவரும் வாங்குபவரும் மட்டும் தீர்மானித்தால் போதாது என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியது.

சட்டங்களும் பிறப்புச் சான்றிதழும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2018-இல் இயற்றிய சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலையில் கடவுச்சொல் வைத்தால் அது ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இல்லையேல் முதல் பயன்பாட்டின்போதே அதைப் பயனர் மாற்றும்படி செய்ய வேண்டும் என்றது. 2020-இல் வெளியான ஐரோப்பியத் தரநிலையின் முதல் விதியே, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல் கூடாது என்பதுதான். இந்தியத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையமும் 2021-இல் நுகர்வோர் கருவிகளுக்கான நடைமுறை நெறிகளை வெளியிட்டது. பிரிட்டனில் இதற்கான சட்டம் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது.

தொழில்நுட்பத்திலும் மாற்றம் வந்தது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்குள்ளும் தனிச் சாவியும் சான்றிதழும் பதிக்கும் முறை 2009-இல் ஒரு தரநிலையாக வகுக்கப்பட்டது. 2022 அக்டோபரில், பல நிறுவனங்கள் சேர்ந்து 'மேட்டர்' என்ற வீட்டுக் கருவித் தரநிலையின் முதல் பதிப்பை வெளியிட்டன. இதில் ஒரு கருவிக்கு இருவகைச் சான்றிதழ்கள் உண்டு. முதலாவது தொழிற்சாலை தருவது. கருவி அசலானதா என்று அது காட்டும். இரண்டாவது, வீட்டு வலையமைப்பில் சேரும்போது அந்த வீட்டின் சார்பில் வழங்கப்படுவது. முன்னது பிறப்புச் சான்றிதழ் என்றால், பின்னது குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது போன்றது. வீட்டிலுள்ள கருவிகள் பேசத் தொடங்குமுன் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன.

நீ யாருடைய கருவி?

முதல் இரண்டு கேள்விகளுக்கு இன்று நல்ல விடைகள் உள்ளன. மூன்றாவது கேள்வியே எஞ்சியுள்ளது. பல வீட்டுக் கருவிகள் தம்மை வாங்கியவரைவிடத் தயாரித்த நிறுவனத்தின் கணினியையே தாயாகக் கொண்டுள்ளன. 2016 மே 15 அன்று 'ரிவால்வ்' என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சேவைக் கணினிகள் நிறுத்தப்பட்டன. சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் கருவி பழுதின்றி இருந்தும் பயனற்றுப்போயிற்று. தாயை இழந்த குஞ்சு வேறு யார் சொல்லையும் கேட்கவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. வாடகை வீட்டை விட்டுச் செல்பவர், பூட்டையும் கேமராவையும் தம் கணக்கிலிருந்து நீக்காமல் சென்றால், அடுத்துக் குடிவருபவரின் வீட்டுக்குள் அவருடைய கண் தொடர்ந்து இருக்கும். கணவன் மனைவி பிரியும்போதும் இதே நிலை. இங்கே சாவி வலிமையானது, சான்றிதழ் உண்மையானது, நெறிமுறையும் பிழையற்றது. ஆனால் கருவி தவறான ஆளிடம் விசுவாசமாக இருக்கிறது. எனவே பழைய கருவியை விற்கும்போதும் வாங்கும்போதும், மீளமைப்புப் பொத்தானை அழுத்தி அதன் நினைவை அழிப்பதோடு, பழைய கணக்கிலிருந்தும் அதை நீக்கிவிட வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் நீக்கிய பிறகே வேறோர் அட்டையில் பெயர் சேர்க்க முடியும் அல்லவா? ஸ்டஜானோவும் ஆண்டர்சனும் 1999-இல் சொன்ன 'மறுபிறப்பு' இதுவே.

2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம், விற்ற பின்பும் குறிப்பிட்ட காலம் வரை பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும் கடமையைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகிறது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். தயாரித்தவரின் பொறுப்பு எவ்வளவு காலம், வாங்கியவரின் உரிமை எவ்வளவு என்பதைச் சட்டம் வகுக்கத் தொடங்கியிருப்பதன் அடையாளம் இது.